இருமல் அவருடையது

இருமுவதற்காகத்தான் போகிறேன். இல்லை, ஆஸ்பத்திரிக்கு இல்லை. நாளைக் காலையில் ஓர் அதிகாரியின் முன்னால் நின்று இருமிக் காட்ட வேண்டும். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பொள்ளாச்சியில் டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டரும் கேட்டார், 'வால்பாறைக்கு என்ன சார் சுத்திப் பாக்கவா?' என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கிறது. மலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வேண்டாம், அந்த மிட்டாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். இப்போது எனக்கு இருமலே இல்லை. அதுதான் சங்கடம்.

என் பெயர் பாலகுரு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இப்படிச் சொன்னதும் எல்லோரும் தங்கள் வீட்டுப் பிரிண்டரைப் பற்றி விசாரிப்பார்கள். பிரிண்டர் பக்கம் நான் போனதில்லை. நான் கர்னல் எழுதுகிறவன். கம்ப்யூட்டருக்குள் ஆக அடியில் ஓடுகிற நிரல் அது. மேலே ஓடுகிற நிரல் எதுவானாலும், ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றால்கூட, கர்னலிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பதில் வரும், இதைத் தீர்மானிப்பது ஒரு தனி வேலை. அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் காலடியில் இருக்கிற மிக்ஸியைப் பாருங்கள். ரிப்பேர் கடைக்காரர் ஓர் அட்டை கட்டியிருக்கிறார் அல்லவா? 'துரைப்பாண்டி, வால்பாறை, ஜாடி ஒழுகுது.' நீங்கள்தானே துரைப்பாண்டி? நல்லது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மிக்ஸியில் சட்னி அரைபடும். ஆனால் கடையில் இதே கம்பெனி, இதே வெள்ளை நிறம், வரிசையாக உட்கார்ந்திருக்கும். அட்டை போனால் எது உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. கோப்புகளுக்கு இப்படி அட்டை கட்ட கர்னலில் வழி செய்ய வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். நாங்கள் கோப்புகளைச் சேமித்துவைக்கிற பெட்டி தயாரிக்கிற சின்னக் கம்பெனி. சொந்தக் கர்னல். 'விரிபண்புகள்' என்று நான் பெயர் வைத்தேன். என்னோடு வேலை செய்த ஹபீபுல்லா கடைசிவரை அட்டை என்றே சொன்னான். அவனுக்கு மொழியில் அக்கறை கிடையாது.

நான்கு கேள்விகள் போதும் என்று முடிவு செய்தேன். அட்டை கட்டு. அட்டையைப் படி. என்னென்ன அட்டை இருக்கிறது என்று சொல். அட்டையை எடுத்துவிடு. அவ்வளவுதான். ஐந்தாவது கேள்வி எதற்கும் இடம் இல்லை. கேட்காத எதையும் கர்னல் தானாக வந்து சொல்லாது. அந்த ஒழுங்கை நான் மிகவும் விரும்பினேன்.

படிப்பதில்தான் ஒரு நுட்பம். அட்டையில் எவ்வளவு எழுதியிருக்கும் என்று கேட்கிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் முதலில் வெறுங்கையோடு வந்து 'எவ்வளவு இருக்கிறது' என்று கேட்க வேண்டும். கர்னல் அளவு சொல்லும். அந்த அளவுக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு மறுபடி வர வேண்டும். இதற்கு நடுவில் வேறொருவர் அட்டையில் கூடுதலாக எழுதிவிட்டால்? பாத்திரம் போதாது. அப்போது கர்னல் பாதியை ஊற்றாது. 'போதாது' என்று திருப்பி அனுப்பிவிடும். அரைகுறையாகத் தருவதைவிட ஒன்றும் தராமல் இருப்பது மேல். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

வீட்டிலும் அதே முறையைத்தான் வைத்திருந்தேன். வினோதினி, என் மனைவி, ஏதாவது சொல்ல வந்தால், 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் 'ஒன்னுமில்லப்பா, ரெண்டு நிமிஷம்' என்பாள். நான் வேலையை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, 'சொல்லு' என்பதற்குள் அந்த விஷயம் வளர்ந்திருக்கும். முகத்திலேயே தெரியும். 'இது ரெண்டு நிமிஷத்துல முடியாது போலிருக்கே, அப்புறம் பேசலாமா?' என்பேன். 'சரி' என்று போய்விடுவாள். ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. வினோதினியைப் போல ஒத்துப்போகிற ஆளைப் பார்ப்பது அரிது.

வளைவு வருகிறது, மிக்ஸியைக் காலால் அணைத்துக்கொள்ளுங்கள்.

அவள் தவளை ஆராய்ச்சி செய்கிறவள். சிரிக்காதீர்கள், உங்கள் ஊர்த் தவளைதான். மழைக்காலமானால் இங்கே வந்துவிடுவாள். சதுப்பு ஓரமாக ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்து தவளைக் கத்தலைப் பதிவு செய்வாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவளே பேசுவாள். தேதி, இடம், மழை விட்டு எவ்வளவு நேரமாயிற்று, தண்ணீர் கணுக்கால் வரைக்கும் இருக்கிறதா முழங்கால் வரைக்கும் இருக்கிறதா. அவர்கள் துறையில் அப்படித்தான் செய்வார்களாம். அதற்கப்புறம் தவளை.

எனக்கு அது பொறுக்கவில்லை. மிக்ஸி மேல் கட்ட வேண்டிய அட்டையை ஜாடிக்குள் போட்டு அரைக்கிற மாதிரி. 'வினோ, இது தவளையோட கோப்பு. இதுல நீ எதுக்குப் பேசற?' என்று கேட்டேன்.

'நான் பேசலன்னா இது எந்தத் தவளைன்னு யாருக்குப்பா தெரியும்?'

'அதுக்குத்தான் விரிபண்பு.'

'அது எங்க இருக்கும்?'

'கோப்புமேலயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.'

'கண்ணுக்குத் தெரியாம எப்பிடிப்பா நம்பறது?'

பிறகு நம்பினாள். கம்பெனியிலிருந்து சோதனைக்காக ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். புதுப் பதிவுகளில் பேசுவதை நிறுத்திவிட்டாள். தேதி, இடம் எல்லாவற்றையும் அட்டையில் ஏற்றினாள். பழைய பதிவுகள் பாக்கி இருந்தன. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சேர்த்தவை. அவள் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று எனக்குத் தெரிவதே இல்லை. அதனால் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு பழைய பதிவிலும் அவள் பேசுவது எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பேச்சை வெட்டி எடுத்துவிட்டு, சொன்ன விவரத்தை எழுத்தாக மாற்றி விரிபண்பில் கட்டிவிடும். நன்றாக வேலை செய்தது. காலையில் அவளைக் கூப்பிட்டு ஒரு பதிவை ஓடவிட்டேன். நேராகத் தவளை.

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். 'சுத்தமா இருக்கு' என்றாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஹபீபுல்லாவோடு நடந்த வாதத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தப்பு என்னுடையது என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். ஒரு கோப்பை எங்கள் பெட்டியிலிருந்து வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறீர்கள். அந்த டிஸ்க்குக்கு அட்டை என்றால் என்னவென்றே தெரியாது. கடையில் விற்கிற பாதி டிஸ்க்குகள் அப்படித்தான். அப்போது என்ன செய்வது? ஹபீபுல்லா, 'கத்தணும் சார். அட்டை வரலைன்னு சொல்லி நகலையே நிறுத்தணும்' என்றான். நான், கர்னல் 'இங்கே அட்டைக்கு வசதி இல்லை' என்று மட்டும் பதில் சொல்லட்டும், நகல் எடுக்கிற நிரல் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் மேலே போகட்டும் என்றேன். கோப்பு வந்துவிட்டது அல்லவா? அதுதானே முக்கியம்? ஒவ்வொரு நகலுக்கும் கத்தினால் எங்கள் பெட்டியை எவன் வாங்குவான்?

'மாப்பிள்ளை வந்துட்டாரு, பொண்ணுதான் வரல, கல்யாணம் முடிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு சார்' என்றான்.

'பொண்ணு கோப்பு. அட்டை வெறும் பத்திரிகை' என்றேன்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் முடிவே நின்றது. 'விரிபண்புகள் துணைத் தகவலே. அவற்றை இழப்பது பிழையாகாது.' வடிவமைப்புக் குறிப்பில் ஏறிய அந்த வாக்கியங்கள் என்னுடையவை. இரண்டாவது வாக்கியத்தை எழுதிவிட்டு அன்றைக்கு ஒரு காபி குடித்தேன், நினைவிருக்கிறது.

அப்புறம் கம்பெனியை மூடினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூடுகிற கம்பெனிகள் மூடத்தான் செய்யும். சோதனைப் பெட்டியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். வினோதினியின் பதிவுகளைக் கடையில் வாங்கிய ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று திரையில் வந்தது. திருப்பித் தரும் பெட்டியைத் துடைத்துவிட்டுத் தர வேண்டும் என்பது விதி. துடைத்தேன். டிஸ்க்கை அவள் பைக்குள் வைத்தேன். அவள் வால்பாறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு சதுப்பு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரடிப்பள்ளம் எஸ்டேட்டுக்குக் கீழே. ஆமாம், காட்டேஜ் கட்டப்போகிறார்களே, அதேதான். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். தண்ணீர் போனதும் தவளையும் போய்விட்டது. அது வெறும் மேட்டுநிலம், அங்கே சதுப்பே இருந்ததில்லை என்று காட்டேஜ் கட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். இருந்தது, இன்ன தவளை அங்கே இத்தனை மழைக்காலம் கத்தியது என்று வினோதினி மனு கொடுத்திருந்தாள். விசாரணைக்கு இந்த டிஸ்க்கைத்தான் கொண்டுபோனாள்.

அதிகாரியின் மேஜையில் வைத்துத் திறந்தார்களாம். கோப்புகள் இருந்தன. ஒன்றின் மேலும் அட்டை இல்லை. பேச்சும் இல்லை. தவளை மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

'இது அந்த இடத்துத் தவளைன்னு எப்பிடிம்மா நம்பறது?' என்று அதிகாரி கேட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல், 'எங்க வீட்டுக் கிணத்துலயும் இதேதான் ஐயா கத்துது' என்றாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். நான் விளக்கினேன். கர்னலில் கோளாறு இல்லை. கர்னல் 'வசதி இல்லை' என்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. கேட்டுக்கொண்டு பேசாமல் போனது நகல் நிரல். அப்படிப் போகலாம் என்று ஏற்கனவே எழுதிவைத்திருக்கிறது. வடிவமைப்பு எப்படிச் சொன்னதோ அப்படியே எல்லாம் நடந்திருக்கிறது. முழுவதையும் பொறுமையாகச் சொன்னேன். நடுவில் எப்போதோ அவள் போனை வைத்திருக்கிறாள். எந்த இடத்தில் என்று தெரியவில்லை. அதன் பிறகு எடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகும் வீட்டுக்கு வரவில்லை.

இல்லை, வருத்தம் என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்திருக்கிறேன், இட்லிக் கடைக்குப் போகிறேன், வருகிறேன். நாற்காலியைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாததால் வேலை நிறைய நடக்கிறது. வேலைதான் இல்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். நான் 'எவ்வளவு நேரம்' என்றுகூடக் கேட்கவில்லை. வாய்ப்பு கொடுக்கவில்லை.

'பாலா, நீ வந்து இருமணும்.'

அவள் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டிருக்கிறாள். ஒன்றில், தவளைகளுக்கு நடுவில், ஓர் ஆள் இருமுகிறார். நான்தான். என் நிரல் அவள் குரலை மட்டுமே தேடி வெட்டியது. இருமலை வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது தப்பித்துவிட்டது. அதிகாரியிடம் போட்டுக் காட்டி, 'இது என் வீட்டுக்காரர். அவர் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் வால்பாறைக்கு வந்திருக்கார், அன்னிக்கு என்கூட இந்தச் சதுப்புலதான் உக்காந்திருந்தார்' என்று சொல்லியிருக்கிறாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. இருமிக் காட்டட்டும், பாக்கலாம்' என்றாராம். அரசாங்கத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? நான் ஒரே ஒரு தடவைதான் வந்தேன் என்பதுதான் இப்போது சாட்சியத்தின் முதுகெலும்பு. ஒவ்வொரு மழைக்கும் அவளோடு வந்திருந்தால், எந்த மழையில் இருமினேன் என்று எப்படிச் சொல்வது? வா வா என்று வருஷா வருஷம் கூப்பிட்டாள். போகாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டைப் பையில்.

நான் எதையும் அழிக்கிறவன் இல்லை. பெட்டியைத் துடைத்தேன் என்றால் அது விதி. ஆனால் வெட்டியெடுத்த பேச்சுகளை அப்போதே என் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமாகப் போட்டுவைத்திருந்தேன். நிரல் சரியாக வெட்டியதா என்று பார்ப்பதற்கு. அத்தனையும் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. தவளை இல்லாமல், வினோதினி மட்டும். தேதி, இடம், தண்ணீர் எதுவரைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தவளை தொடங்குவதற்குள் நின்றுவிடும். அடுத்தது. சாப்பிட்ட பிறகு கேட்பேன். சரிபார்ப்பதற்காகத்தான். ஒன்றிரண்டு இடத்தில் 'இன்னைக்கு' என்பதற்கு முன்னால் மூச்சு இழுப்பாள், அதையும் நிரல் பிசகாமல் பிடித்திருக்கிறது.

நான் இருமிய அன்றைக்குப் பேசியதும் இதில் இருக்கிறது. மனப்பாடமே ஆகிவிட்டது. தேதி சொல்கிறாள். 'கரடிப்பள்ளம் சதுப்பு, மேற்குக் கரை. தண்ணி முழங்கால் வரைக்கும். மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆச்சு. கூட இருக்கிறது பாலகுரு, என் கணவர். இருமல் அவருடையது. தவளைங்க பழகிடுச்சு, நிறுத்தல.'

அவளுக்கா? தெரியாது. எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்கவில்லையே. இருமலைக் கேட்டாள், இருமலைக் கொண்டுபோகிறேன். கேட்காததைத் தானாக வந்து சொல்லக் கூடாது என்பதை முதலிலேயே சொன்னேன் அல்லவா?

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், இதைக் கொடுத்தால் அவள் ஒவ்வொரு பேச்சையும் அதன் தவளையோடு சேர்த்துவிடுவாள். பேச்சுக்குப் பின்னால் ஓடுகிற ஓடைச் சத்தமும் மழைச் சத்தமும் அவளுக்குப் போதும். என் ஒற்றை இருமலை வைத்துக்கொண்டு கெஞ்ச வேண்டியதில்லை. சதுப்பு முழுவதற்கும் சாட்சி கிடைத்துவிடும். தெரியும். கொடுத்தாலும் என்னிடம் ஒரு நகல் இருக்கும், அதுவும் தெரியும். ஆனால் அவள் கையில் போன பிறகு அது தவளையின் அட்டை ஆகிவிடும். இப்போது அது எதன் அட்டையும் இல்லை. வெறுமனே அவள்.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள், இந்த வண்டிச் சத்தத்தில்...

'அவங்க சத்தத்த அவங்ககிட்டயே குடுக்கறதுக்கு அவங்க எதுக்கு சார் கேக்கணும்?'

ம்.

ஹபீபுல்லாவும் இப்படித்தான், முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே எதையாவது சொல்வான். உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

குளிர ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். தொண்டைக்கு நல்லது. அதாவது, இருமல் வந்தால் எனக்கு நல்லது.

பனி விலகினால் ஊர் தெரியும், இல்லையா? போன தடவை வந்தபோது நான் தூங்கிக்கொண்டு வந்தேன். வினோதினி ஒவ்வொரு வளைவிலும் எழுப்பினாள். காட்டெருமை, பார் என்றாள். எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

துரைப்பாண்டி, ஓர் உதவி. அந்த மிக்ஸி வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இனி அது யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த அட்டையைக் கழற்றித் தருவீர்களா? பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. பேனா என்னிடம் இருக்கிறது. நூலோடு கொடுங்கள், பென் டிரைவில் ஓட்டை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அட்டையாகவே இருக்கட்டும் இந்தத் தடவை. 'வினோதினியுடையது.' போதும். வளைவில் கை ஆடிவிட்டது, படிக்க முடிகிறதா? சரி.

அதோ, ஸ்டாண்டு. கொஞ்சம் நகருங்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள், டீக்கடை ஓரமாக. அவள்தான். மெலிந்திருக்கிறாள். கையில் மைக்கை எடுத்துவிட்டாள், நான் இறங்கும்போதே பதிவு செய்யப்போகிறாள் போலிருக்கிறது. அது அவள் பழக்கம், தவளையையும் இப்படித்தான் பிடிப்பாள்.

பேசுகிறாள். மைக்கில் பேசுகிறாள். மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்கும். தேதி சொல்கிறாளா? சரி. இடம்? வால்பாறை பஸ் ஸ்டாண்டு, சரி. பிறகு? 'வந்திருக்கிறது பாலகுரு', அவ்வளவு எனக்கே கேட்டது. அதற்கப்புறம், துரைப்பாண்டி. என் பெயருக்கு அப்புறம் ஏதாவது சொன்னாளா?